காலுக்குள் குடியேறும் தெள்ளு

மணல்தெள்ளு வளர்ந்த பிறகும் ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். தெள்ளுப்பூச்சிகளிலேயே மிகச் சிறியது அதுதான். கென்யாவில் சுவாஹிலி பேசுகிறவர்கள் அதை ஃபுன்ஸா என்கிறார்கள். பெண் தெள்ளு உள்ளங்காலிலோ நகக்கண்ணிலோ தலையை நுழைத்துத் தோலுக்குள் இறங்கிவிடும். வெளியே தெரிவது அதன் பின்முனை இருக்கும் ஒரு பொடித் துளை மட்டுமே. மூச்சு விடுவது, கழிவை வெளியேற்றுவது, ஆணோடு கூடுவது, முட்டையிடுவது எல்லாம் அந்தத் துளை வழியாகத்தான். உள்ளே இரத்தம் குடித்துக் குடித்து, ஒரே வாரத்தில் அதன் வயிறு பட்டாணி அளவுக்கு உப்பிவிடும். பருமனில் ஏறத்தாழ 2,000 மடங்கு! நூறுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டுவிட்டு, சில வாரங்களில் தோலுக்குள்ளேயே செத்துப்போகிறது.

இதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1872-இல் பிரேசிலிலிருந்து அங்கோலாவுக்கு வந்த தாமஸ் மிட்செல் என்ற கப்பலில், பாரத்துக்காக ஏற்றியிருந்த மணலோடு ஆப்பிரிக்கக் கரையில் இறங்கியது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் வணிகர்களின் கால்களில் ஏறிக் கண்டத்தையே கடந்துவிட்டது.

ஒன்றிரண்டு தெள்ளுகள் என்றால் அரிப்போடு போய்விடும். கிழக்கு ஆப்பிரிக்கக் கிராமங்களில் சில குழந்தைகளின் கால்களில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. விரல்கள் வீங்குகின்றன, நகங்கள் விழுகின்றன. நடக்க முடியாமல் பள்ளி நின்றுபோகிறது. போகிற பிள்ளையையும் மற்றவர்கள் ஒதுக்குகிறார்கள். அழுக்கால் வந்த நோய் என்று அந்தக் குடும்பத்தையே பழிப்பது பெரிய அநியாயம். முட்டைகள் விழுவதும் புழுக்கள் வளர்வதும் உலர்ந்த, பொடிந்த மண்ணில். அந்த வீடுகளில் படுக்கும் அறையின் தரையே அப்படிப்பட்ட மண்தான். பள்ளிக்குச் செருப்புப் போட்டுப் போகும் குழந்தையும் இரவில் அங்கேதான் வெறுங்காலோடு நடக்கிறது.

ஊசியாலோ முள்ளாலோ தோண்டி எடுப்பதுதான் பழைய வழக்கம். ஒரே ஊசி பல கால்களுக்குப் போகும்போது தெள்ளைவிடக் கொடிய நோய்க்கிருமிகளும் கூடவே போகின்றன. புண் வழியாக டெட்டனஸும் வரலாம். பூச்சியின் மூச்சுத்துளையே அதன் பலவீனம் என்று கண்டுகொண்டது நல்ல மருத்துவம். டைமெத்திகோன் என்ற சிலிக்கோன் எண்ணெய் அந்தத் துளைக்குள் கசிந்து மூச்சை அடைத்துவிடுகிறது. 2014-இல் வெளியான கென்ய ஆய்வில், ஏழு நாட்களில் 78 சதவீதத் தெள்ளுகள் இந்த எண்ணெயால் செத்தன. வழக்கமான பெர்மாங்கனேட் கரைசலில் கால் நனைத்தவர்களுக்கு அது 39 சதவீதம்தான்.

எண்ணெய் தரையிலுள்ள புழுக்களைத் தொடாது. அதனால் அந்த மண்தரைகளுக்கான சிமெண்டுப் பூச்சுக்கு ஆகும் பணத்தையும் மருந்துச் செலவாகவே அரசுகள் எண்ண வேண்டும் என்பேன். வீட்டு நாய்க்கும் பன்றிக்கும்கூடச் சேர்த்தே மருத்துவம் பார்க்க வேண்டும். அவற்றின் கால்களிலும் இதே தெள்ளு முட்டையிடுகிறது.