எல்லைத் தமிழருக்கு ஒரு சொற்களஞ்சியம்

ஒற்றசேகரமங்கலம், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பெற்றோர் சொல்லும் குறை ஒன்று உண்டு. பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். பள்ளியில் மலையாளம் படிக்கிறார்கள். தமிழ்ப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "அர்த்தம் புரியவில்லை" என்று கீழே வைத்துவிடுகிறார்கள்.

1956 நவம்பர் 1-ந் தேதி கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் தமிழகத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இப்பால் நின்றுவிட்ட வீடுகளில் தமிழ் அடுக்களையோடு ஒதுங்கிவிடும் அபாயம் இருக்கிறது. சோற்றுக்கும் குழம்புக்கும் சொல் உண்டு. நீதி, கலை, அரசியல் பற்றிப் பேச வாயெடுத்தால் சொல் கிடைப்பதில்லை.

இதற்கு மருந்து சொற்பட்டியலை மனப்பாடம் செய்வது அன்று. நல்ல நாவல் ஒன்றை முழுவதும் படிப்பதே. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' இதற்கு மிகவும் ஏற்றது. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த தொடர்கதை ஆதலால் அத்தியாயங்கள் சிறியவை. ஒன்றை முடித்ததும் அடுத்ததைத் தேட வைப்பவை. சிவிகை, இலச்சினை, ஒற்றன் போன்ற சொற்கள் கதையில் திரும்பவும் வரும். முதல் தடவை மிரட்டிய சொல் நான்காம் தடவை நண்பனாகிவிடும்.

எல்லைத் தமிழருக்கு இதில் ஒரு தனி வசதியும் உண்டு. தமிழகத்துப் பிள்ளை அகராதியில் தேட வேண்டிய சில சொற்கள் இங்குள்ள பிள்ளைக்குப் பக்கத்து வீட்டிலேயே கிடைக்கும். நாவலில் 'நிலவறை' என்றே ஓர் அத்தியாயம் உண்டு. 2011-ல் பத்மநாப சுவாமி கோயிலின் அறைகள் திறக்கப்பட்டபோது, 'நிலவற' என்ற மலையாளச் சொல்லைக் கேட்காத காது திருவனந்தபுரம் ஜில்லாவில் இருந்திருக்காது. மதில், அங்காடி, முகில் ஆகியனவும் அப்படியே. மலையாளம் தமிழுக்குப் பகையல்ல. பழைய சொற்கள் பலவற்றைப் பத்திரமாக வைத்திருக்கும் தங்கை வீடு.

ஆனால் எச்சரிக்கையும் தேவை. நாவலின் முதல் பாகத்தின் பெயர் 'புது வெள்ளம்'. மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். இங்கேயோ ஆடி மாதத்தில் நீர்நிலைகளில் பெருகி வரும் புதுப்புனல். மலையாளத்தில் 'சம்சாரம்' பேச்சு. தமிழில் மனைவி அல்லது குடும்பம். அங்கே 'அவசரம்' வாய்ப்பு, இங்கே பதற்றம். இந்த வேறுபாடுகளைக் கதையின் போக்கு காட்டிக் கொடுத்துவிடும். ஆழ்வார்க்கடியான் நம்பி வரும் பகுதியில் 'விண்ணகரம்' என்ற சொல்லைக் காணும் பிள்ளை வானத்து நகரம் என்று நினைக்கக்கூடும். இரண்டு பக்கம் படித்தால் அது பெருமாள் கோயில் என்பது தானே விளங்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். நாளைக்கு ஓர் அத்தியாயம். புரியாத சொல்லில் நின்றுவிடாமல் பென்சிலால் கோடிட்டுக் கடந்து செல்ல வேண்டும். அத்தியாயம் முடிந்ததும் திரும்பி வந்து, முன்பின் வாக்கியங்களைக் கொண்டு பொருளை ஊகிக்க வேண்டும். பிறகே அகராதி. கடைசியில் அச்சொல்லை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம்.

அகராதி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் ஆறு தொகுதிகளும் 1936-க்குள் நிறைவெய்தின. அதன் பதிப்பாசிரியராக இருந்து அதனை நிறைவேற்றிய எஸ். வையாபுரிப் பிள்ளை அதற்கு முன் திருவனந்தபுரத்தில் வக்கீல் தொழில் நடத்தியவர். தமிழ்ச் சொல் வளத்துக்கும் இந்த மண்ணுக்கும் உறவு புதிதல்ல.

கல்கியின் எழுத்துக்கள் 1999-ல் நாட்டுடைமை ஆக்கப்பட்டதால் நாவல் மலிவுப் பதிப்புகளிலும் கிடைக்கிறது. முதல் அத்தியாயத்தைப் பெற்றோரே உரக்கப் படித்துக் காட்டலாம். சோழர் காலக் கல்வெட்டுகளில் அந்தணர் குடியிருப்புகளுக்குச் 'சதுர்வேதிமங்கலம்' என்ற பெயர் வழங்கியதையும் கூடவே சொல்லலாம். ஒற்றசேகரமங்கலத்துப் பிள்ளை அப்போது நிமிர்ந்து உட்காரும். அந்த 'மங்கலம்' தன் ஊர்ப் பெயரிலும் இருக்கிறதல்லவா!