கிணறு இனித்த கதை

தூத்துக்குடிக்குப் புதிதாகப் போகிறவன் இரண்டு விஷயங்களை உடனே தெரிந்துகொண்டு விடுகிறான். ஒன்று, கடல் எந்தப் பக்கம் என்பது. மற்றொன்று, எந்தத் தண்ணீரை எதற்கு உபயோகிக்க வேண்டும் என்பது.

முதலாவதைக் காற்றே சொல்லிவிட்டது. இரண்டாவதை எனக்குச் சொல்லித் தந்தவர் என் நண்பருடைய தாயார். தெருவில் எல்லோருக்கும் அவர் 'ஆச்சி'தான். வீட்டுக்குள் நுழைந்து முகம் கழுவப் போனவனை அவர் தடுத்து நிறுத்தினார்.

"தம்பி, தொட்டியில கிடக்கது கிணத்துத் தண்ணி. முகம் கழுவலாம், குளிக்கலாம், வாயில வச்சிராதிய. குடத்துல இருக்கது குழாய்த் தண்ணி. குடிக்க, சமைக்க அதுதான். அந்தா இருக்க கேன், மருமகளுக்கு. குழாய்த் தண்ணியில மருந்து வாடை அடிக்குன்னு அவ குடிக்க மாட்டா."

ஒரு வீட்டில் மூன்று தண்ணீர்! தொட்டித் தண்ணீரில் முகம் கழுவினேன். சோப்புத் தேய்ந்ததே தவிர நுரை வரவில்லை. முகத்தில் பிசுபிசுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

இரண்டு பாட்டில் சோதனை

"இந்தத் தண்ணியில துவரம்பருப்பு வேகவே வேகாது தம்பி. ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டாத்தான் மசியும்" என்றார் ஆச்சி. அனுபவம் கற்பித்த ரசாயனம் அது!

கல்லூரியில் படித்ததை நாமும் காட்ட வேண்டாமா? இரண்டு காலிப் பாட்டில்களை வாங்கினேன். ஒன்றில் கிணற்று நீர்; மற்றொன்றில் அதே அளவு குழாய் நீர். இரண்டிலும் துணி சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கினேன். குழாய் நீர் பொங்கி நுரைத்தது. கிணற்று நீரோ பால்போலக் கலங்கி, மேலே வெள்ளை ஆடையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தது.

சமாசாரம் இதுதான். மண்ணிலும் பாறையிலும் உள்ள கால்சியம், மெக்னீசியம் என்னும் இரண்டு பொருள்கள் நீரில் அதிகமாகக் கரைந்திருந்தால் அது கடின நீர். அவை சோப்புடன் சேர்ந்து கரையாத அழுக்காகத் திரண்டுவிடுகின்றன. அந்த வேலை முடிந்த பிறகு மிஞ்சுகிற சோப்புத்தான் நுரைக்கும். பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பசையையும் அவை இறுக்கிவிடுவதால் பருப்பு விறைத்துக்கொண்டு நிற்கிறது. வெந்நீர்ப் பானையின் அடியிலும் குழாயின் வாயிலும் வெள்ளை வெள்ளையாய்ப் படிவதும் இவற்றின் கைவேலையே.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2012-ல் வெளியிட்ட விதிப்படி, குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். கடல் நீரிலோ அது 6,000-க்கும் மேல்! கடல் கொஞ்சம் எட்டிப் பார்த்தாலே கிணறு கெட்டுவிடும் என்பது இதிலிருந்து விளங்கும் அல்லவா?

ஓர் அடிக்கு நாற்பது அடி

கடல் எப்படி எட்டிப் பார்க்கிறது? ஆயிரம் லிட்டர் நல்ல நீர் 1,000 கிலோ எடை இருந்தால், அதே அளவு கடல் நீர் ஏறத்தாழ 1,025 கிலோ இருக்கும். ஆகவே கரையோர மண்ணுக்கடியில் கனமான உப்பு நீர் கீழே கிடக்க, இலேசான மழை நீர் அதன்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல நீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி ஆழம் வரை நல்ல நீர் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஹாலந்து தேசத்துப் பொறியாளர் ஒருவரும், 1901-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்ஸ்பர்க் என்பவரும் தனித்தனியே கண்டு சொன்ன கணக்கு இது.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், பகீர் என்கிறது! மோட்டார் போட்டு இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி குறைத்தால், கீழேயுள்ள உப்பு நீர் காலப்போக்கில் 40 அடி மேலே ஏறி வந்துவிடும். தூத்துக்குடியில் சென்னையில் பெய்கிற மழையில் பாதிதான் பெய்கிறது. இங்கே பல உப்பளங்களில் நிலத்தடி நீரையே இறைத்துப் பாத்தி கட்டி உப்பு விளைவிக்கிறார்கள் என்றால், மண்ணுக்குள் இருக்கும் உப்பைப் பற்றி வேறு சாட்சி வேண்டியதில்லை.

பொதிகை தந்த குடம்

அப்படியானால் ஆச்சியின் குடத்திலிருந்த குழாய் நீர் எங்கிருந்து வந்தது? ஊருக்குச் சொந்தமில்லாத நீர் அது. பொதிகை மலையில் பிறந்து வருகிற தாமிரபரணியின் நீர். குடிநீருக்குத் தவித்த இந்த ஊருக்கு, சுமார் 30 கிலோமீட்டர் தூரத்திலுள்ள வல்லநாட்டிலிருந்து ஆற்று நீரைக் குழாயில் கொண்டுவரும் திட்டம் 1927-ல் நிறைவேறியது. அதற்காகப் பாடுபட்ட நகரசபைத் தலைவர் குரூஸ் பர்னாந்து அவர்களை ஊரார் இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள். 2008-ல் தூத்துக்குடி மாநகராட்சி ஆயிற்று. ஊர் பெருத்தது, தாகமும் பெருத்தது. ஆனால் நம்பிக்கை இன்றும் அதே ஆற்றின் மேல்தான்.

கிணறு இனித்தது

"ஒரு தடவை எங்க கிணறும் இனிச்சுதே, அது தெரியுமா?" என்று ஆச்சி ஆரம்பித்தார். அவர் குரல் தணிந்துவிட்டது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய் மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பக்கத்திலுள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. ஒரு வருஷத்து மழையைவிட அதிகம்! தாமிரபரணி கரை புரண்டதில் குடிநீர்த் திட்டங்கள் பலவும் சேதமடைந்தன. ஆச்சி வீட்டுத் தெருவில் இடுப்பளவு வெள்ளம். குழாயிலோ சொட்டுத் தண்ணீர் இல்லை. கேன் வண்டியும் வரவில்லை.

வெள்ளம் வடிந்ததும் ஆச்சி கிணற்றில் வாளியைப் போட்டு ஒரு வாய் குடித்துப் பார்த்தார். கல்யாணமாகி வந்த நாள் முதல் உப்புக் கரித்த கிணறு அன்றைக்கு இனித்தது! பருப்பு பூப்போல வெந்தது. கடவுளே கண் திறந்தார் என்று நினைத்து, நாலு வயதுப் பேரனுக்கு முதல் தம்ளரைக் கொடுத்தார்.

மறுநாள் இரவு குழந்தைக்கு வாந்தியும் பேதியும் கண்டன. தோளில் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மூன்று நாள் சலைன் ஏறியது. பிழைத்தான்.

"என் கையாலயே குடுத்தேன் தம்பி" என்றார் ஆச்சி. நான் என்ன சொல்வது?

நாக்கு ஏமாறும்

கிணற்றை இனிக்கச் செய்தது வெள்ளம். அந்த வெள்ளமே சாக்கடையையும் கழிவுத் தொட்டியையும் கலக்கிக் கிணற்றுக்குள் கொண்டு சேர்த்தது. உப்பைக் கண்டுபிடிக்கிற நாக்குக்குக் கிருமியைக் கண்டுபிடிக்கத் தெரியாது. கடின நீர் சோப்புக்கும் பாத்திரத்துக்கும் சத்துரு. கடினத்தன்மை மட்டும் உடம்புக்குப் பெரிய கெடுதல் செய்வதில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. ஆளைக் கொல்லக் கூடியது கிருமி; அது தெளிந்த, இனித்த நீரிலும் இருக்கும்.

மருமகள் வெறுக்கிற அந்த 'மருந்து வாடை' குளோரினுடையது. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது அது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. வாடை இருந்தால் காவற்காரன் விழித்திருக்கிறான் என்று அர்த்தம். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். கடினமும் ஓரளவு குறையும். உப்பு மட்டும் போகாது.

வீட்டார் செய்யக் கூடியவை சில உண்டு. குழாய் நீரையும் கிணற்று நீரையும் ஒரே தொட்டியில் கலக்காதீர்கள்; நல்லதும் கெட்டுவிடும். மாநகராட்சிக் குழாயில் நேராக மோட்டாரை வைத்து உறிஞ்சாதீர்கள். விரிசல் வழியே சாக்கடையும் சேர்ந்து வரும். 2003-ல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்புக் குழி, மண் மூடிக் கிடந்தால் தூர் வாருங்கள். மண்ணுக்குள் மழை நீர் ஓர் அடி உயர்ந்தால் உப்பு நீர் நாற்பது அடி இறங்கும் அல்லவா?

நான் விடைபெறும் வேளையில் குழாயில் தண்ணீர் வந்தது. ஆச்சி ஒரு தம்ளரில் பிடித்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பேரன் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

"வாடை இருக்கு. குடி ராசா" என்றார்.