வீட்டுக்கு மேல ட்ரோன், வாசலில் இன்ஸ்பெக்டர்... உள்ளே விட மறுக்கலாமா? அமெரிக்க சட்டம் சொல்வது என்ன?

அமெரிக்காவில் சொந்த வீடு வாங்கிய உங்க சொந்தக்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். புல் உயரமா வளர்ந்துடுச்சுன்னு ஒரு நோட்டீஸ், பெர்மிட் வாங்காம பேஸ்மென்ட்டை பெட்ரூமா மாத்திட்டீங்கன்னு இன்னொரு நோட்டீஸ் என ஏதாவது ஒரு கதை வைத்திருப்பார்.

நோட்டீஸோடு நின்றால் பரவாயில்லை. நகராட்சி இன்ஸ்பெக்டரே வந்து "வீட்டுக்குள்ள பார்க்கணும்" என்றால்? கதவைத் திறந்தே ஆகணுமா?

கட்டாயம் இல்லை. வாரண்ட் இல்லாவிட்டால் 'முடியாது' என்று சொல்லலாம். ஆனால் இந்த உரிமை, கேட்பதற்கு இருக்கும் அளவுக்கு வலுவானதல்ல.

கைது வரை போன மறுப்பு

1963-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வருடாந்திர சோதனைக்காக இன்ஸ்பெக்டர் வந்தார். தரைத்தளத்தின் பின்பகுதியில் கமாரா என்பவர் குடியிருப்பதாக மேனேஜர் சொன்னார். அந்தத் தளத்தில் குடியிருக்க அனுமதி கிடையாது. "உள்ளே பார்க்கணும்" என்றார் இன்ஸ்பெக்டர். வாரண்ட் இல்லையே என்று மறுத்தார் கமாரா. அதிகாரிகள் மீண்டும் மீண்டும் வந்தும் அதே பதில்தான். கடைசியில் கைது! சோதனைக்கு அனுமதி மறுத்தார் என்பதுதான் குற்றச்சாட்டு.

அப்போதைய நிலவரப்படி சட்டம் அவர் பக்கம் இல்லை. பால்டிமோரில் எலித் தொல்லையைச் சோதிக்க வந்த சுகாதார அதிகாரியை உள்ளே விடாதவருக்கு 20 டாலர் அபராதம் போட்டது சரிதான் என்று 1959-ல் உச்ச நீதிமன்றமே 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்திருந்தது.

கமாரா வழக்கில் அது தலைகீழானது. 1967 ஜூன் 5-ம் தேதி, 6-3 என்ற கணக்கில் தீர்ப்பு. குற்றவாளி என்று சந்தேகிக்கப்படுபவரின் வீட்டுக்கு அரசியலமைப்பின் 4-வது திருத்தம் பாதுகாப்பு தருகிறது, எந்தத் தப்பும் செய்யாத சாதாரண ஆளின் வீட்டுக்கு இல்லை என்றால் அது முரண்பாடு இல்லையா என்பதுதான் நீதிபதிகளின் வாதம். வந்திருப்பவருக்கு உண்மையிலேயே அதிகாரம் இருக்கா, எதுவரை பார்க்கலாம் என்பதெல்லாம் வாசலில் நிற்கும் வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்டார்கள்.

ஆனால், ஒரு சிக்கல்

அதே தீர்ப்பு, இந்த வாரண்ட்டை வாங்குவதையும் சுலபமாக்கிவிட்டது. போலீஸ் சோதனை மாதிரி, 'இந்த வீட்டில் இந்தத் தப்பு நடக்குது' என்று காட்டத் தேவையில்லை. கட்டடத்துக்கு வயசாகிவிட்டது, அந்த ஏரியாவே மோசமா இருக்கு, கடைசிச் சோதனை நடந்து ரொம்ப நாளாச்சு என்பது போன்ற காரணங்களே போதும். அதாவது இன்று மறுத்தால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். நாளை அவர் வாரண்ட்டோடு வரலாம். அப்போது தடுத்தால் பிரச்னை உங்களுக்குத்தான். அவசர ஆபத்து என்றால் வாரண்ட்டே தேவையில்லை.

ரோட்டில் நின்றபடி கண்ணில் படுவதற்கும் வாரண்ட் வேண்டாம். உடைந்த வேலி, முன்பக்கம் நிற்கும் பழைய கார் எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

மேலே இருந்து பார்த்தால்?

மிச்சிகனில் லாங் லேக் டவுன்ஷிப். 5 ஏக்கர் இடம் வைத்திருந்த ஒரு தம்பதி, பழைய கார்களைச் சேர்த்து வைக்கிறார்கள் என்று புகார். இன்ஸ்பெக்டர் கதவைத் தட்டவில்லை. டவுன்ஷிப் ஒரு ட்ரோன் ஆபரேட்டரை வைத்து 2017, 2018-ல் மேலிருந்து படம் எடுத்து வழக்குப் போட்டது. வாரண்ட் கிடையாது.

2024 மே மாதம் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் டவுன்ஷிப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ட்ரோன் பறந்தது உரிமை மீறலா என்ற கேள்விக்கே அது போகவில்லை. ஒருவேளை மீறலாகவே இருந்தாலும், இது கிரிமினல் வழக்கு இல்லை, அதனால் படங்களை ஆதாரமாக ஏற்கலாம் என்றது. உரிமை இருக்கிறதா என்றே சொல்லாமல், மீறினாலும் ஆதாரம் செல்லும் என்றால் வீட்டுக்காரருக்கு என்ன மிச்சம்? ஆனால் அந்தத் தீர்ப்பு மிச்சிகனுக்கு மட்டும்தான். மற்ற மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது.

வாசலில் வந்து நின்றால்...

ஐடி கார்டு கேளுங்கள். என்ன புகார், எந்த விதி என்று கேளுங்கள். வாரண்ட் இல்லை என்றால், "இப்போ உள்ளே விட எனக்குச் சம்மதம் இல்லை" என்று அமைதியாகச் சொன்னால் போதும், வாக்குவாதம் வேண்டாம். மரியாதைக்காக "வாங்க, பாருங்க" என்று சொல்லிவிட்டால் அதுவே சம்மதம் ஆகிவிடும். கராஜை மட்டும் காட்டச் சம்மதம் என்றால் அதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இதே உரிமை உண்டு. பொதுவாக, அவர்களுக்குப் பதிலாக ஓனர் சம்மதம் கொடுத்துவிட முடியாது.

ஹெச்ஓஏ எனப்படும் குடியிருப்போர் சங்கத்தின் கதை வேறு. அது அரசு அமைப்பு அல்ல, 4-வது திருத்தம் அதைப் பொதுவாகக் கட்டுப்படுத்தாது. அங்கே யார், எப்போது உள்ளே வரலாம் என்பது பெரும்பாலும் வீடு வாங்கும்போது நீங்க ஒப்புக்கொண்ட விதிமுறைகளில்தான் இருக்கும். அந்தப் பேப்பர்களைத் தேடி எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள்.