காதால் பார்த்த ஆட்டம்

1965 செப்டம்பர் 9, வியாழக்கிழமை இரவு. லாஸ் ஏஞ்சலஸில் பள்ளிப் பிள்ளைகள் படுக்கப்போகும் நேரம். டாட்ஜர்ஸ் அணி தன் ஊரில் ஆடும் பேஸ்பால் ஆட்டங்கள் அந்நாளில் தொலைக்காட்சியில் வருவது அபூர்வம். தலையணைக்கடியில் ஒளித்துவைத்த டிரான்சிஸ்டர்தான் கதி.

அன்று பந்து வீசியவர் சாண்டி கோஃபாக்ஸ். எதிரணி சிகாகோ கப்ஸ். 27 பேர் மட்டை பிடித்தார்கள். ஒருவர்கூட முதல் தளத்தைத் தொடவில்லை. 14 பேர் ஸ்டிரைக் அவுட், அதிலும் கடைசி ஆறு பேர் வரிசையாக! பாவம், எதிரணிக்காகப் பந்து வீசிய பாப் ஹெண்ட்லியும் ஒரே ஒரு ஹிட்தான் கொடுத்தார். ஆனாலும் 1-0 என்று தோற்றார்.

வர்ணனையாளர் வின் ஸ்கல்லி கடைசிக் கட்டத்தில் அவ்வப்போது மணியையும் சேர்த்தே சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்தபோது மணி 9.46. அதன்பின் அவர் பேச்சை நிறுத்திவிட்டு, கூட்டத்தின் ஆரவாரத்தை மட்டும் ஒலிக்கவிட்டார். அன்று கேட்ட பிள்ளைகளுக்கு நேரில் பார்த்ததுபோலவே அது நினைவில் தங்கியதில் வியப்பில்லை. அரங்கிலேயே உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவர்களும் ஸ்கல்லியின் குரலுக்காக டிரான்சிஸ்டரைக் கையோடு கொண்டுவந்த காலம் அது!