ஈஸ்டர் என்பது ஐம்பது நாள்

கிறிஸ்துமஸை எப்படிக் கொண்டாடுவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்டார் கட்டுவது, குடில் வைப்பது, கேக் வாங்குவது எல்லாம் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். ஈஸ்டருக்கு அப்படி வெளியே தெரிகிற அடையாளங்கள் குறைவு. விழாவின் உயிரான பகுதி நள்ளிரவில், ஆலயத்துக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. திருக்கோகர்ணத்தில் பிரகதாம்பாள் கோயில் தெருக்களில் வளர்ந்து, பெரியவரான பிறகு கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்த ஒருவருக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்குழம்பு வைத்ததோடு பண்டிகை தீர்ந்துபோனதாகவே தோன்றலாம். உண்மையில் அன்றுதான் அது ஆரம்பிக்கிறது. திருச்சபை ஈஸ்டரை, பாஸ்கா காலம் என்ற பெயரில், ஐம்பது நாள் கொண்டாடுகிறது. புதியவர்கள் இதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். பௌர்ணமியை வைத்துத் திருவிழா பார்க்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதாக இருக்காது. பல ஆண்டுகளில் பங்குனி உத்திரம் கழிந்த சில நாளில் ஈஸ்டர் வந்துவிடும். 2024இல் உத்திரம் மார்ச் 25, ஈஸ்டர் மார்ச் 31. 2026இல் உத்திரம் ஏப்ரல் 1, ஈஸ்டர் ஏப்ரல் 5. நார்த்தாமலை மாரியம்மன் தேருக்கு வீட்டார் கிளம்புகிற அதே பங்குனியில்தான் பெரும்பாலும் உங்கள் ஒருசந்தியும் சிலுவைப்பாதையும் நடக்கும்.

முதல் கொண்டாட்டம் சனிக்கிழமை இரவின் பாஸ்கா திருவிழிப்பு. இருட்டிய பிறகு தொடங்கி விடியும் முன் முடிய வேண்டும் என்பது விதி. நம் பங்குகளில் பெரும்பாலும் பின்னிரவு வரை நீளும். மதியம் கொஞ்சம் தூங்கிவிடுங்கள். புதுக்கோட்டை மார்த்தாண்டபுரத்தில் உள்ள இருதய ஆண்டவர் ஆலயத்துக்குப் போவதாக இருந்தால், திரும்பி வர வண்டிக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அந்த நேரத்தில் பஸ்ஸை நம்ப முடியாது. நன்மை, அதாவது நற்கருணை, வாங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் தண்ணீரும் மருந்தும் தவிர வேறு எதுவும் உட்கொள்ளக் கூடாது.

ஆலயத்துக்கு வெளியே நெருப்பு மூட்டுவார்கள். உள்ளே விளக்குகள் அணைந்திருக்கும். பாஸ்கா திரியில் பங்குச்சாமி சிலுவையையும் அந்த ஆண்டின் நான்கு இலக்கங்களையும் கீறுவார். நீங்கள் திருமுழுக்குப் பெறுகிற ஆண்டு அந்தத் திரியில் எழுதப்பட்டிருக்கிறது, கவனித்துப் பாருங்கள். திரியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழையும்போது, வழியில் மூன்று இடங்களில் கிறிஸ்துவின் ஒளியைப் புகழ்ந்து பாடுவார்கள். அந்தச் சுடரிலிருந்து ஒவ்வொருவர் கையிலுள்ள மெழுகுதிரியும் பற்றிக்கொள்ளும். பிறகு வாசகங்கள். பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு, புதிய ஏற்பாட்டிலிருந்து இரண்டு. நேரம் கருதிச் சிலவற்றை விடலாம், ஆனால் செங்கடலைக் கடக்கும் வாசகத்தை மட்டும் எங்கும் விட மாட்டார்கள்.

இந்த இடத்தில்தான் பலர் தூங்கி வழிகிறார்கள். குறை சொல்லவில்லை, கேட்டறியாத கதைகள் வரிசையாக வந்தால் யாருக்கும் கண் சொக்கும். அதனால் புனித வாரத்தில் மூன்று பகுதிகளை மட்டும் வீட்டிலேயே படித்துவிட்டுப் போங்கள்: விடுதலைப் பயணம் 14, எசேக்கியேல் 36, உரோமையர் 6. முதலாவதில் மக்கள் தண்ணீரைக் கடந்து விடுதலை பெறுகிறார்கள். இரண்டாவதில் கடவுள் தூய நீர் தெளித்துப் புதிய இதயம் தருவதாக வாக்களிக்கிறார். மூன்றாவதில், திருமுழுக்குப் பெறுகிறவர் கிறிஸ்துவோடு இறந்து அவரோடு எழுகிறார் என்கிறார் பவுல். இந்த மூன்றும் தெரிந்திருந்தால் அன்றிரவு நடப்பது உங்களைப் பற்றியது என்பது புரிந்துவிடும்.

பழைய ஏற்பாட்டு வாசகங்கள் முடிந்ததும், பெரிய வியாழன் இரவிலிருந்து ஒலிக்காத மணிகள் எல்லாம் சேர்ந்து ஒலிக்கும். பல தமிழ்ப் பங்குகளில் அந்த நொடியில் வாணவேடிக்கையோடு திரை விலகி உயிர்த்த ஆண்டவர் சொரூபம் தெரியும். பிள்ளைகளை எழுப்பிவிட வேண்டிய நேரம் அது.

பெரியவர்கள் அன்றிரவே திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை மூன்றையும் பெறுவார்கள். சி.எஸ்.ஐ., டி.இ.எல்.சி. போன்ற சபைகளில் முறைப்படி திருமுழுக்குப் பெற்று வந்தவர்களுக்கு அதை மறுபடி கொடுப்பதில்லை. அவர்கள் பாவசங்கீர்த்தனம் செய்து, விசுவாசத்தை அறிக்கையிட்டு, மற்ற இரண்டையும் பெறுவார்கள். போன வருடமே சேர்ந்துவிட்டவர்களுக்கும் அந்த இரவில் பங்கு உண்டு. கையில் எரியும் திரியோடு எல்லோரும் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும்போது, ஞாபகத்திலிருந்து ஒப்பிக்காமல், ஒவ்வொரு கேள்விக்கும் யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

387ஆம் ஆண்டு ஈஸ்டர் இரவில் மிலான் நகரில் ஆயர் அம்புரோசியார் கையால் திருமுழுக்குப் பெற்றவர் அகுஸ்தினார். அப்போது அவருக்கு 32 வயது. அந்த நூற்றாண்டில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. புதியவர்கள் வெள்ளை உடை உடுத்து, ஈஸ்டர் வாரம் முழுவதும் தினமும் ஆலயத்துக்கு வருவார்கள். தண்ணீர் எதற்கு, எண்ணெய் எதற்கு, அப்பமும் இரசமும் எதற்கு என்று ஆயர் விளக்குவார். முதலில் அனுபவம், அதற்குப் பிறகு பொருள். எருசலேமின் சிரில் பெயரில் கிடைக்கும் அத்தகைய உரைகள் இன்றும் படிக்கப்படுகின்றன.

நம்மால் இயன்ற அளவில் இதைத் திரும்பக் கொண்டுவரலாம். புனித வெள்ளிக்கு அரசு விடுமுறை உண்டு. ஈஸ்டர் திங்களன்று வேலைக்குப் போயாக வேண்டும். ஆனால் ஈஸ்டரிலிருந்து அடுத்த ஞாயிறு வரை எட்டு நாளும் திருச்சபைக்குப் பெருவிழாதான். அதில் ஒன்றிரண்டு நாளாவது காலைப் பூசைக்குப் போய்வாருங்கள். எட்டாம் நாளான இறை இரக்க ஞாயிறன்று திருமுழுக்கு உடையையே மறுபடி உடுத்திக்கொள்ளுங்கள். உங்கள் ஞானத்தாயையோ ஞானத்தந்தையையோ அந்த வாரத்தில் சாப்பிடக் கூப்பிட்டு, அன்றிரவு புரியாமல் போனதையெல்லாம் கேளுங்கள். அவர்களுக்கும் தெரியாவிட்டால் இருவருமாக உபதேசியாரிடம் போகலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

திருமுழுக்குத் திரியை அலமாரியில் பூட்டிவைக்காதீர்கள். ஐம்பது நாளும் மாலை ஜெபத்தின்போது ஐந்து நிமிடம் ஏற்றினால் போதும். ஆலயத்திலிருந்து மந்திரித்த தண்ணீர் கொண்டுவந்து வீட்டில் வைத்துக்கொள்ளலாம். பாஸ்கா காலத்தில் வீடு மந்திரிக்க வரும்படி பங்குச்சாமியைக் கேட்கலாம். அன்பியம் என்ற அக்கம்பக்கக் கத்தோலிக்கர் குழுவின் ஆட்களும் கூட வந்தால், புதிய இடத்தில் தனியாக இருக்கிறோம் என்ற எண்ணம் போகும்.

இனி, சொந்தக்காரர்கள். வீட்டில் நீங்கள் ஒருவர் மட்டும் கத்தோலிக்கர் என்றால் பண்டிகை மனச்சங்கடத்தோடுதான் வரும். அம்மா வழக்கம்போல் கோகர்ணேசுவரர் கோயிலுக்குப் போவார். போகட்டும். நீங்கள் பெற்ற விசுவாசத்துக்கு அவர் எதிரியல்ல. திருவிழிப்புக்கு வர அவருக்கு விருப்பமிருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். திரி பிடிக்கலாம், தெளிக்கும் தண்ணீரை ஏற்றுக்கொள்ளலாம். நன்மை வாங்க மட்டும் வர முடியாது என்பதை வரிசையில் நிற்கும்போது சொல்லாமல், வீட்டிலேயே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். பக்கத்து வீடுகளுக்குப் பிரியாணி அனுப்புவது நல்லது. சைவ வீடுகளுக்குப் பாயசம் தனியாக வைத்து அனுப்புங்கள். பேக்கரியில் சர்க்கரை முட்டை விற்பார்கள், பிள்ளைகளுக்கு வாங்கித் தரலாம். அது இல்லாவிட்டாலும் ஈஸ்டருக்குக் குறைவில்லை.

எல்லோரையும் சேர்த்து ஒரு பயணம் போக ஆசையிருந்தால் நம் மாவட்டத்திலேயே ஆவூர் இருக்கிறது. மதுரை மறைப்பணியின் பழைய தலம் அது. வீரமாமுனிவர் பணியாற்றிய ஊர். இப்போதுள்ள பெரியநாயகி மாதா ஆலயம் 1747இல் எழுந்தது. ஈஸ்டரையொட்டி அங்கே தேர்த்திருவிழா நடக்கும். மதம் பார்க்காமல் சுற்றுவட்டார மக்கள் திரள்வார்கள். தேர் பார்த்து வளர்ந்த உங்கள் வீட்டாருக்கு உங்கள் விசுவாசத்தை அறிமுகப்படுத்த அதைவிட இயல்பான இடம் எனக்குத் தெரியவில்லை.

மீதமுள்ள வாரங்களுக்குத் திருத்தூதர் பணிகள் நூலைக் கையில் எடுங்கள். 28 அதிகாரம். மூன்று நாளைக்கு இரண்டாகப் படித்தால் பாஸ்கா காலம் முடிவதற்குள் முடிந்துவிடும். பூசையின் முதல் வாசகமும் இந்த நாட்களில் அதிலிருந்துதான் வரும். அதில் வருகிற விசுவாசிகள் எல்லோருமே புதிய கிறிஸ்தவர்கள். சண்டை போடுகிறார்கள், பயப்படுகிறார்கள், உள்ளதைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

பகிர்வது என்றதும் நம் ஊர் வெயில் ஞாபகத்துக்கு வருகிறது. பாஸ்கா காலம் முடிவது தூய ஆவியார் பெருவிழாவில், 2026இல் மே 24 அன்று. அக்னி நட்சத்திரம் இன்னும் முடிந்திராத நேரம். தவக்காலத்தில் கறியும் டீயும் விட்டு மிச்சம் பிடித்த காசு இருந்தால், தெருமுனையில் ஒரு தண்ணீர்ப்பந்தல் போடுங்கள். பானைக்குத் தண்ணீர் ஊற்றுவதை அண்டை வீட்டாரோடு முறை வைத்துக்கொள்ளலாம். மண்பானை, சுத்தமான தண்ணீர், முடிந்தால் மோர். மத்தியானப் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் குடித்துவிட்டுப் போவார்கள்.