மேகக் காடும் முட்காடும்

மலை என்றதும் பசுமையையும், வறள்நிலம் என்றதும் வெறுமையையும் நினைப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. முகில் தவழும் சிகரத்தைக் கண்டு வியக்கும் நாமே, முட்புதர் மண்டிய நிலத்தைப் பயனற்ற பற்றை என்று ஒதுக்கிவிடுகின்றோம். ஆயின், இயற்கை இவ்விரண்டையும் அவ்வாறு பிரித்து வைக்கவில்லை. இவ்வுண்மையை அறிய நம் தீவின் ஆறொன்றைப் பின்தொடர்ந்தாற் போதும்.

வளவை கங்கையின் தலைநீர் ஹோட்டன் சமவெளியிற் பிறக்கின்றது. அவ்விடம் கடல்மட்டத்துக்கு 2100 மீற்றருக்கு மேல் உயர்ந்தது. அவ்வாறு கடலைச் சேருமிடமோ அம்பாந்தோட்டை மாவட்டத்து அம்பலாந்தோட்டை; ஆண்டு மழை 1250 மில்லிமீற்றரையும் எட்டாத வறள் வலயம்.

சமவெளியைச் சூழ்ந்த மேகக் காட்டில் மரங்கள் வானளாவ வளர்வதில்லை. ஓயாத காற்றும் குளிரும் அவற்றைக் குறுக்கி, கிளைகளை முறுக்கி, உச்சியைக் குடைபோற் பரப்பிவிடுகின்றன. இலைகள் சிறியன, தடித்துத் தோல் போன்றிருப்பன. கிளையெங்கும் பாசியும் ஓர்க்கிட்டும் படர்ந்திருக்கும். முகில் இக்காட்டினூடே செல்லும்போது அதன் நுண்துளிகள் இலையிலும் பாசியிலும் படிந்து, திரண்டு, நிலத்திற் சொட்டுகின்றன. மழை பெய்யாத நாளிலும் காடு இவ்வாறு நீர் சேர்க்கின்றது. மரங்களின் அடியிற் குறிஞ்சியினச் செடிகள் செறிந்துள்ளன. அவற்றுட் சில ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை ஒருங்கே பூத்து மடிவன. தாழ்ந்த இடங்களிற் பத்தனாப் புல்வெளி விரிகின்றது. உறைபனி விழும் அவ்வெளியில் செம்மலர் தாங்கிய றொடோடென்றன் மரங்கள் ஆங்காங்கே நிற்கின்றன.

ஆற்றுடன் இறங்கி உலர்ந்த தாழ்நிலத்தை அடைந்தால், பாலையும் வீரையும் ஓங்கிய காடு எதிர்ப்படும். வன்னியிற் பாலைப்பழம் உண்டவர்க்கு அம்மரத்தை அறிமுகஞ் செய்ய வேண்டுவதில்லை. கரையோரத்தை அணுக அணுக மரங்கள் குறுகி, விடத்தல், இலந்தை, காரை, உகாய் என முட்காடாகும். மன்னாரிலும் இத்தகைய காடே. அங்கு விடத்தல்தீவின் பெயரிலேயே அம்மரம் நிலைத்திருக்கின்றது. நீரைச் செலவிட அஞ்சும் தாவரங்கள் இவை. இலையைச் சிறிதாக்கியும், மெழுகு பூசியும், வேரை ஆழ ஓட்டியும் கோடையைக் கடக்கின்றன. மன்னாரின் உடைமரம் விரித்திருக்கும் குடை, மேகக் காட்டு மரத்தின் குடையை நினைவூட்டுகின்றது. அங்கே குளிர்காற்று; இங்கே வெயில். இரண்டும் தத்தம் துன்பத்துக்கேற்ற உருவம் பெற்ற காடுகள். இவற்றுள் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்பது பொருந்தாது.

கோப்பிப் பயிருக்காக மலைக்காடுகள் அழிந்துகொண்டிருந்த காலத்தில், இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவின் இயக்குநர் ஜோசப் ஹூக்கர், 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாது விடுமாறு 1873இல் ஆலோசனை கூறினார். அதனை ஆட்சியாளர் ஏற்றதாலேயே இன்றுள்ள மேகக் காட்டிற் பெரும்பகுதி எஞ்சியது. ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

எனினும், இரு காடுகளுக்கும் இடர் தீரவில்லை. மேகக் காட்டில் மரங்கள் நின்ற நிலையிலேயே பட்டுப்போவது சில பத்தாண்டுகளாகக் காணப்படுகின்றது. புல்வெளியில் ஐரோப்பாவிலிருந்து வந்த கோர்ஸ் என்னும் முட்செடி பரவியுள்ளது. கீழே, 1950களில் அம்பாந்தோட்டைப் பகுதிக்குக் கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேல், நாகதாளியுடன் சேர்ந்து புந்தல ஈரநிலத்தின் ஓரங்களை விழுங்கிவருகின்றது. உவர்நிலத்தைத் திருத்துமென நட்டதே இன்று உள்நாட்டு மரங்களின் இடத்தைப் பறிக்கின்றது. வெறும் பற்றைதானே என்ற அலட்சியம் அதன் பரவலுக்குப் பெருந்துணை.

பழந்தமிழர் பாலைக்கெனத் தனிநிலம் வகுத்தாரல்லர்; மலையும் காடும் வளங்கெட்டவிடத்தே பாலை தோன்றுமெனக் கருதினர். ஆனால், வன்னிப் பாலையோ கோடையைத் தாங்கி நின்று பழம் தரும் மரம். மலையுச்சியில் மேகக் காடு பட்டுப்போனால், வளவையின் நீரை நம்பிய தாழ்நிலம் முதலில் வாடும். முட்காட்டை வீண்நிலமென வெட்டி எறிந்தால், வறட்சியைத் தாங்கக் கற்ற தாவரங்களையே இழந்துவிடுவோம். இரண்டையும் ஒருசேரக் காத்தலே அறிவுடைமை.