சட்டை ஊத்தையாகாமல் சின்னக் கைகளுக்கு வர்ணம்

ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரையுள்ள குழந்தைகள் கையில் எது அகப்பட்டாலும் கீறிப் பார்ப்பார்கள். கரிக்கட்டி கிடைத்தால் சுவரில் கீறுவார்கள். குழம்பு சிந்தினால் அதைப் பாயில் இழுப்பார்கள். கண்டதும் நாம் ஏசுகிறோம். அதற்குக் காரணம் இல்லாமலில்லை. தண்ணீர் அள்ளுவதும் உடுப்புத் தோய்ப்பதும் எங்கள் தலையில்தான். தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்ணுக்குச் சவர்க்காரமும் ஒரு செலவு. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியோடு கொப்பி, பென்சில் விலைகளும் ஏறிவிட்டன.

ஆனால் "தொடாதே, ஊத்தையாக்காதே" என்று கேட்டே வளரும் குழந்தை கையை மடக்கிக்கொள்ளப் பழகிவிடும். கீறுவது வீண் விளையாட்டல்ல. பின்னாளில் பென்சில் பிடிக்கவும் தெறி பூட்டவும் வேண்டிய பலம் விரல்களுக்கு இப்படித்தான் வருகிறது.

2009 இல் முடிந்த போரின்போது குழந்தைகளாக இருந்த பலர் இன்று தாய்மார். பங்கரிலும் முகாமிலும் வளர்ந்த அவர்களில் பலருக்கு வர்ணப்பெட்டியோடு விளையாடும் காலம் வாய்க்கவில்லை. "எனக்கே கீறத் தெரியாது, பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?" என்று கூச்சப்படத் தேவையில்லை. இங்கே சொல்லிக்கொடுக்க எதுவுமில்லை. பக்கத்தில் இருந்தால் போதும்.

1. தண்ணீர் ஓவியம்

யோகட் கோப்பையில் அரைவாசிக்குத் தண்ணீர் எடுங்கள். பொச்சுமட்டைத் துண்டின் நுனியைத் தட்டித் தும்பாக்கினால் தூரிகை தயார். சீமெந்துத் தரை, கதவு, மண்பானை எதிலும் குழந்தை பூசலாம். வெயில் பட்டதும் காய்ந்துவிடும், மறுபடியும் பூசலாம். துடைக்க ஒன்றுமில்லை. தண்ணீர் வாளியை மட்டும் குழந்தைக்கு அருகில் வைக்க வேண்டாம்.

2. பைக்குள் வர்ணம்

இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவை ஒரு கோப்பைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கூழ் பதத்திற்குக் காய்ச்சி ஆறவிடுங்கள். ஒரு பாதியில் பீற்றூட் சாறும் மறு பாதியில் சிறிது மஞ்சள் தூளும் கலக்குங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்துத் தடித்த, நிறமற்ற பொலித்தீன் பையில் இட்டு, காற்றை வெளியேற்றி, வாயை செலோரேப்பால் இறுக ஒட்டுங்கள். பையின் நான்கு பக்கங்களையும் தரையிலோ மேசையிலோ ஒட்டிவிட்டால் குழந்தை விரலால் அழுத்தி நிறங்களைக் கலக்கும். கை நனையாது. ஒரு கையை இழந்த தாயும், ஒட்டுவதற்கு மட்டும் ஒருவரின் உதவியோடு இதைச் செய்யலாம். கூழை அன்றைக்கே பாவித்துவிடுங்கள். விளையாடி முடிந்ததும் பையைக் குழந்தைக்கு எட்டாமல் அகற்றுங்கள். முகத்தில் மூடினால் மூச்சுத் திணறும்.

3. வெண்டிக்காய் அச்சு

முற்றிய வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டினால் பூப்போன்ற அச்சு வரும். பிடிக்க வசதியாகக் காம்புப் பக்கத்தை நீளமாக விடுங்கள். வர்ணத்தைத் தட்டில் ஊற்றினால் சிந்தும். பழைய பனியன் துணியை நான்காக மடித்து, அதில் பீற்றூட் சாற்றை ஊறவைத்துக் கொடுங்கள். பழைய கலண்டரின் பின்பக்கம் போதும். வாழைத்தண்டும் நல்ல அச்சுத் தரும். ஆனால் அதன் கயர் துணியில் பட்டால் போகாது.

கவனிக்க வேண்டியவை

இந்த வயதில் எல்லாம் வாய்க்குப் போகும். ஆகவே பெயின்ற், சுண்ணாம்பு, தெரியாத பூக்களின் சாறு வேண்டாம். ஐந்து நிமிடத்தில் குழந்தை எழும்பிப் போனால் விட்டுவிடுங்கள். அந்த வயதின் இயல்பு அது.

"இது என்ன? பூவா, வீடா?" என்று துருவிக் கேட்காதீர்கள். "நீளமாக இழுத்திருக்கிறாய்" என்று கண்டதைச் சொன்னால் போதும். கரியால் கறுப்பாகக் கீறினால் மனதில் துயரம் என்று முடிவு கட்டவும் வேண்டாம். கையில் கிடைத்ததை எடுத்திருக்கும். பேச்சு வரத் தாமதித்தாலோ, தூக்கத்தில் அடிக்கடி பயந்து அலறினாலோ, குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

உலையில் அரிசி கொதிக்கும் நேரம் போதும். குழந்தையின் அருகில் இருந்து நீங்களும் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அன்று உங்களுக்குக் கிடைக்காத விளையாட்டு உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கட்டும். உங்களுக்கும் கொஞ்சம் கிடைக்கட்டும்.